ஒரே டயரில் மட்டும் காற்று இறங்கினால்

வாரா வாரம் என் காரின் பின்பக்க இடது டயரில் மட்டும் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே, அடிச்சுட்டுப் போங்க" என்பார் பங்க்கில் காற்று பிடிக்கும் தம்பி. பஞ்சர் கடையில் பார்த்துவிட்டு ஆணி எதுவும் இல்லை என்றார்கள்.

வீட்டிலேயே சோப்புத் தண்ணீர் கரைத்து முதலில் வால்வு வாயில் விட்டேன். குமிழி இல்லை. டயர் ரிம்மோடு சேரும் விளிம்பில் சுற்றி ஊற்றியபோது ஒரே இடத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. எங்களுடையது கடலோர ஊர். இரும்பு ரிம்மில் துரு ஏறி, டயர் அங்கே சரியாகப் படியவில்லை. சாக்பீஸால் குறித்துக்கொண்டு கடைக்குப் போனேன். டயரைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, விளிம்பில் கசிவை அடைக்கும் பசையான பீட் சீலர் பூசி மாட்டினார் கடைக்காரர். ரப்பர் வால்வையும் மாற்றச் சொன்னேன். டயர் கழன்றிருக்கும்போது அது சில்லறைச் செலவுதான். அதன்பின் காற்று இறங்குவது நின்றது.

இன்னொன்று. காற்று பிடிக்கும்போது "எவ்வளவு வைக்க?" என்று கேட்டால் பலர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். சிலர் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படிக்கிறார்கள்; அது டயருக்கான உச்ச அளவு. நம் வண்டிக்கானது பெரும்பாலும் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். என் வண்டிக்கு 33 பிஎஸ்ஐ. காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும்; அதைத் திறந்து குறைத்தால் மறுநாள் காற்று பற்றாது.