கிளைடர் இறக்கையை நேர்சேர்க்கும் கருவிகள்: மெயின் பின் கையால் நுழைய என்ன செய்ய வேண்டும்?

டிரெயிலரிலிருந்து இறக்கிய கிளைடரை (இன்ஜின் இல்லாமல் பறக்கும் விமானத்தை) இறக்கை மாட்டிப் பூட்டும்போது நேரம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போகும்: இரண்டு இறக்கைகளையும் சேர்த்துப் பூட்டும் மெயின் பின்னின் துளைகளை நேருக்கு நேர் கொண்டுவருவதில். பெரும்பாலான ஃபைபர் கிளைடர்களில் இரண்டு இறக்கைகளின் ஸ்பார் (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் முக்கியத் தாங்குசட்டம்) முனைகளும் உடலுக்குள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அவற்றிலுள்ள புஷ் (ஸ்பாருக்குள் பதித்த உலோக வளையம்) துளைகள் ஒரே கோட்டில் வந்துவிட்டால் பின் கையால் தள்ளினாலே போய்விடும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் போகாது. அப்போது புதியவர்களின் கை சுத்தியலைத் தேடுகிறது. அதைத் தொடவே தொடாதீர்கள். சுத்தியலால் அடிபட்ட மெயின் பின், புஷ்ஷின் விளிம்பில் பிசிறு கிளப்பும். அந்தப் பிசிறு அடுத்த முறை பின்னைக் கீறும். அதன்பிறகு அந்த கிளைடர் ஒருநாளும் சுலபமாகப் பூட்டாது. ஸ்பாருக்குள் பதித்த புஷ்ஷை மாற்றுவது களத்தில் நடக்கிற வேலை அல்ல.

துளையை நேராக்குவது இறக்கையின் நுனி. கருவிகள் செய்வது, நுனியை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தலாம் என்று காட்டுவதும், நகர்த்திய இடத்தில் அதை நிறுத்தி வைப்பதும்தான்.

என்னென்ன வேண்டும்

முதலில் கூர்முனைக் கம்பி. உருண்டையான கம்பி, ஒரு முனை 60 முதல் 80 மி.மீ. நீளத்துக்கு மெல்ல மெல்லக் குறுகி வர வேண்டும். தடித்த பகுதி மெயின் பின்னைவிட அரை மி.மீ. சிறியதாக இருக்கட்டும். பித்தளையோ அலுமினியமோ நல்லது. புஷ் எஃகு என்பதால் உரசினால் தேய்வது கம்பியாகவே இருக்க வேண்டும். மறுமுனையில் கைப்பிடியும், அதில் ஒரு முழ நீளச் சிவப்பு ரிப்பனும் கட்டுங்கள். இந்தக் கம்பியை மறந்து உடலுக்குள் விட்டுவிட்டால் அது கன்ட்ரோல் கம்பிகளுக்கு நடுவே சிக்கும். ரிப்பன் அலங்காரத்துக்கு அல்ல.

அடுத்தது உயரம் மாற்றக்கூடிய நுனி ஸ்டாண்ட். மேல்தட்டு குறைந்தது 30 செ.மீ. அகலம், அதன்மேல் தடித்த ஸ்பாஞ்ச், அதற்குமேல் மென்மையான துணி. உயரத்தைத் துளையும் ஆணியுமாக ஐந்து ஐந்து செ.மீ. தாண்டி மாற்றும் ஸ்டாண்ட் இந்த வேலைக்குப் போதாது. திருகிச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கும் வகைதான் வேண்டும். ஏன் என்பதைக் கீழே கணக்கில் பார்க்கலாம்.

இவை தவிர ஒரு சிறிய டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கைப்பிடிக் கண்ணாடி, 1, 2, 3 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் துண்டுகள், பஞ்சு உதிராத துணி, கிளைடரின் கையேடு சொல்லும் கிரீஸ், ஒரு ரசமட்டம். சில மாடல்களில் இரண்டு இறக்கைகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும் நெம்புகோலைத் தயாரிப்பாளரே தருவார். உங்கள் கிளைடருக்கு அப்படி வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதற்குப் பதிலாக சரக்கு கட்டும் ராட்செட் பட்டையை மாட்டி இழுப்பதை ஏற்க முடியாது. அதன் இழுவிசை எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. இறக்கை எதிலோ முட்டி நிற்கிறது என்ற செய்தியும் கைக்கு வராது.

ஒரு சின்னக் கணக்கு

இறக்கை நுனிக்கு நுனி 15 மீட்டர் உள்ள கிளைடரில், இறக்கையின் அடியிலிருந்து (உடலோடு சேரும் முனையிலிருந்து) நுனிவரை சுமார் 7 மீட்டர். மெயின் பின் துளை, அடிப்பகுதி விளிம்பிலிருந்து உடலுக்குள் 30 செ.மீ. நீட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கை அதன் அடிப்பகுதியிலிருந்து உடலுக்குள் நுழையும் ஊசிகளில் ஊன்றி ஆடும்போது நுனியை 10 செ.மீ. உயர்த்தினால் துளை 4 மி.மீ. சொச்சம் கீழிறங்கும். நுனியில் 1 செ.மீ. என்பது துளையில் 0.4 மி.மீ. ஆக, நுனியில் நிற்பவர் "கொஞ்சம் மேலே" என்று கேட்டதும் கையை ஒரு அடி தூக்கினால் துளை சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடும். அளவை விரற்கடையில் சொல்லிப் பழகுங்கள்: "ஒரு விரல் மேலே", "அரை விரல் கீழே".

நுனி மேலே போனால் துளை கீழே போகும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே நுனியாளிடம் சொல்லிவிடுங்கள்.

படி 1: உடலை நிமிர்த்துங்கள்

உடல் சாய்ந்திருந்தால் ஒரு இறக்கை சுலபமாகப் போகும், மற்றது போகவே போகாது. உடலைத் தாங்கும் தொட்டிலில் அதை வைத்து, கையேட்டில் சொன்ன இடத்தில் குறுக்காக ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

படி 2: துடையுங்கள், தடவுங்கள்

பின், புஷ், அடிப்பகுதி ஊசிகள், உடலில் அவை நுழையும் கோள பேரிங்குகள் எல்லாவற்றிலும் உள்ள பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுங்கள். பழைய கிரீஸில் மணல் ஒட்டியிருக்கும். புதியதை மெல்லிய படலமாகத் தடவினால் போதும்.

துடைக்கும்போதே கோள பேரிங் ஒவ்வொன்றையும் கவனியுங்கள். அதன் நடுவே உள்ள பந்து எல்லாப் பக்கமும் சாயக்கூடியது. கழற்றும்போது ஊசி கோணலாக வெளியே வந்திருந்தால் பந்து அந்தக் கோணத்திலேயே நின்றுவிடும், அடுத்த முறை ஊசி அதன் விளிம்பில் முட்டும். விரலால் தள்ளி நேராக்கிவிடுங்கள். இறக்கை கடைசி 5 மி.மீ. வராமல் அடம்பிடிப்பதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

படி 3: முதல் இறக்கை

எந்த இறக்கை முதலில் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் பார்த்து, அதை டிரெயிலரின் உட்சுவரிலும் எழுதி ஒட்டி வையுங்கள். இறக்கைக்குள் உள்ள தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஏர்பிரேக்கும் (இறக்கையிலிருந்து எழும் வேகத்தடைத் தகடு) ஸ்டிக்கும் (விமானியின் இயக்குக் கம்பு) எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே சரிசெய்யுங்கள். தானாகக் கோர்த்துக்கொள்ளும் கன்ட்ரோல் உள்ளவற்றில் இது தவறினால் உள்ளே கன்ட்ரோல் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டும்.

அடியில் ஒருவர், நுனியில் ஒருவர், முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பார்க்க ஒருவர். கட்டளை இடுபவர் ஒருவரே: காக்பிட் அருகில் நின்று துளையைப் பார்ப்பவர். நான்கு பேரும் பேசினால் நுனியாள் யார் சொல்வதைக் கேட்பார்?

ஸ்பார் முனையை உடலின் திறப்புக்குள் விட்டு, அடிப்பகுதி ஊசிகள் பேரிங்கைத் தொடும்வரை கொண்டுவாருங்கள். ஊசிகள் நுழைந்ததும் இறக்கை முழுக்க ஒட்டும்வரை நிதானமாகத் தள்ளுங்கள். ஒட்டியதும் ஸ்டாண்டை ஸ்பாருக்கு நேர் கீழே வையுங்கள். எய்லரானுக்கு (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) அடியில் வைக்கக்கூடாது. காற்று அடிக்கும் நாளில் ஸ்டாண்டை நம்பி யாரும் விலகிப் போகக்கூடாது. ஒருவர் கை அங்கேயே இருக்க வேண்டும்.

படி 4: இரண்டாவது இறக்கையும் இடைவெளியும்

இதையும் அதே போலக் கொண்டுவாருங்கள். இப்போது இரண்டு ஸ்பார் முனைகளும் ஒன்றையொன்று தாண்ட வேண்டும். விரல் ஒன்றும் உடலுக்குள் இருக்கக்கூடாது. துளைக்குள் விரல்விட்டு "வந்துவிட்டதா" என்று தடவிப் பார்க்கும் பழக்கம் விரலை வெட்டிவிடும்.

முழுக்க வராவிட்டால் அடிப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பிளாஸ்டிக் துண்டுகளால் அளந்து பாருங்கள். முன்விளிம்புப் பக்கம், பின்விளிம்புப் பக்கம், மேல், கீழ் என நான்கு இடம். மனதில் வைக்க ஒரே விதிதான்: இடைவெளி எந்தப் பக்கம் இருக்கிறதோ, நுனி அந்தப் பக்கம் போக வேண்டும். பின்விளிம்பில் இடைவெளி என்றால் நுனி பின்னால். மேல்பக்கம் இடைவெளி என்றால் நுனி மேலே.

அளவும் தெரியும். அடிப்பகுதியின் அகலம் 80 செ.மீ., பின்விளிம்பில் 3 மி.மீ. திறந்திருக்கிறது என்றால் நுனி சுமார் 26 மி.மீ. பின்னால் போக வேண்டும். நான்கு இடத்திலும் இடைவெளி ஒரே அளவாக இருந்தால் கோணம் சரி. உள்ளே ஏதோ தடுக்கிறது. பேரிங்கின் பந்து, கன்ட்ரோல் கம்பியின் முனை, மடிந்துபோன சீல் டேப் என்ற வரிசையில் தேடுங்கள். தேடும்போது இறக்கையை 10 செ.மீ. வெளியே எடுத்துவிட்டுத் தேடுவது நல்லது.

படி 5: பிறையைப் படியுங்கள்

துளையின் பின்னால் டார்ச்சைப் பிடித்து, தேவைப்பட்டால் கண்ணாடியின் உதவியோடு, முன்பக்கமிருந்து பாருங்கள். நேராக வந்திருந்தால் முழு வட்டமாக வெளிச்சம் தெரியும். வராவிட்டால் பின்னாலிருக்கும் ஸ்பாரின் உலோகம் வட்டத்தின் ஒரு ஓரத்தைப் பிறைபோல மறைத்து நிற்கும். அந்தப் பிறை எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிறை கீழே தெரிந்தால் பின்னாலிருக்கும் ஸ்பாரின் துளை உயரமாக நிற்கிறது. அந்த இறக்கையின் நுனியை உயர்த்துங்கள், துளை இறங்கும். பிறை மேலே தெரிந்தால் நுனியைத் தாழ்த்துங்கள். பிறை இடதிலோ வலதிலோ தெரிந்தால் இறக்கை இன்னும் முழுக்க உள்ளே வரவில்லை. படி 4-க்குத் திரும்புங்கள், நுனியை மேலும் கீழும் ஆட்டுவதில் பயனில்லை.

பிறை மெல்லிய கீற்றாகக் குறைந்ததும் கூர்முனைக் கம்பியை விடுங்கள். அது கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு மட்டும். இரண்டு விரலால் தள்ளித் திருப்புங்கள். நுனியாள் ஸ்டாண்டைத் திருகி நுனியை மிக மெதுவாக ஏற்றி இறக்கட்டும். கம்பி எங்கே தளர்ந்து சுழல்கிறதோ அங்கே "நில்" என்று சொல்லுங்கள். கம்பியை நெம்புகோலாக்கி இறக்கையைத் தூக்கப் பார்க்காதீர்கள். இந்த வகையில் ஒரு இறக்கையே 60 கிலோவுக்கு மேல் இருக்கும். நெம்பினால் அந்த எடையெல்லாம் புஷ்ஷின் விளிம்பில் இறங்கும்.

இரண்டு மெயின் பின் உள்ள மாடல் என்றால் கம்பி ஒரு துளையில் இருக்கும்போதே மற்றதில் பின்னைச் செலுத்துங்கள். பிறகு கம்பியை எடுத்துவிட்டு இரண்டாவது பின். பின் பாதியில் நின்றால் திரும்ப இழுத்து, துடைத்து, பிறையை மறுபடி பாருங்கள். பாதி வழியில் நிற்பதற்கு பெரும்பாலும் நுனியின் உயரம்தான் காரணம்.

படி 6: பூட்டி, ஆட்டிப் பாருங்கள்

பின் கடைசிவரை போனதும் அதன் பூட்டை மாட்டுங்கள். பூட்டு மாட்டவில்லை என்றால் பின் முழுக்கப் போகவில்லை என்று பொருள். அதன்பிறகே ஸ்டாண்டை எடுக்கலாம்.

கம்பி, கண்ணாடி, டார்ச், பிளாஸ்டிக் துண்டுகள் ஒவ்வொன்றையும் எண்ணிப் பையில் போடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அது கிடைக்கும்வரை மற்ற வேலையைத் தொடாதீர்கள்.

நுனியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள், இன்னொருவர் அடிப்பகுதியில் கை வைத்திருக்கட்டும். கிளிக் என்ற சத்தமோ கையில் தெரியும் அசைவோ இருந்தால் பின், புஷ், அடிப்பகுதி ஊசிகளில் தேய்மானம் இருக்கலாம். அதைப் பரிசோதகர் பார்க்காமல் பறக்கக்கூடாது.

கடைசியில் கன்ட்ரோல். கையால் கோர்க்கும் லோட்டெலியே என்ற வகைப் பந்து இணைப்பு என்றால் பாதுகாப்பு ஊசி அதன் துளையில் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு, இணைப்பைப் பிடித்து இழுத்தும் பாருங்கள். பிறகு ஒருவர் எய்லரானை உறுதியாகப் பிடித்துக்கொள்ள, காக்பிட்டில் இருப்பவர் ஸ்டிக்கை இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும். ஏர்பிரேக்குக்கும் இதே சோதனை. பிடித்தவர் கையில் எதிர்ப்பு தெரியாமல் ஸ்டிக் தாராளமாக நகர்ந்தால் உள்ளே இணைப்பு கோர்க்கவில்லை. இந்தச் சோதனையைப் பூட்டும் வேலையில் கலந்துகொள்ளாத ஒருவர் வந்து இன்னொரு முறை செய்த பிறகு, இடைவெளிகளுக்கு டேப் ஒட்டுங்கள்.