முதுகு நனையாமல் காரோட்ட: வென்டிலேட்டட் சீட் பொருத்துவதும் பார்த்துக்கொள்வதும்

சித்திரை வெயிலில் சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரோட்டிப் போனால், ஏசி 22 டிகிரியில் ஓடினாலும் விழுப்புரம் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ஏசிக் காற்று முகத்தையும் மார்பையும்தான் தொடுகிறது. சீட்டில் அழுந்தியிருக்கும் முதுகுக்கும் தொடைக்கும் அது எட்டுவதே இல்லை. அங்கே ஊறும் வியர்வைக்குப் போக்கிடம் கிடையாது. அந்தப் போக்கிடத்தை உண்டாக்கித் தருவதுதான் வென்டிலேட்டட் சீட்டின் வேலை.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைகளில் "கூலிங் சீட்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பெரும்பாலானவற்றில் குளிரூட்டும் பொருள் எதுவும் இருக்காது. மெத்தைக்குள் சின்ன ஃபேன், அதன்மேல் காற்று ஓடும் வலை, அதற்கும் மேலே துளையிட்ட கவர், அவ்வளவுதான். காருக்குள் இருக்கும் காற்றையே ஃபேன் நகர்த்துகிறது, வியர்வை ஆவியாகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். அதனால்தான் கடலோர ஊர்ப் புழுக்கத்தில் ஏசி போடாமல் சீட் ஃபேனை மட்டும் ஓட்டினால் பலன் குறைவு. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று வியர்வையை வாங்கிக்கொள்ளாது. ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்துக் காயவைத்துக் கொடுக்க, சீட் ஃபேன் அந்தக் காய்ந்த காற்றை முதுகுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெல்டியர் தகடு வைத்த, உண்மையிலேயே குளிரூட்டும் சீட்டும் உண்டு. 2000-ஆம் ஆண்டு மாடல் லிங்கன் நேவிகேட்டரில் அது வந்தது. தகட்டில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சுடும் பக்கத்து வெப்பத்தை வெளியே தள்ள வழி வேண்டும். பிளக் செருகினால் குளிரும் என்று மலிவாக வரும் பெல்டியர் மெத்தைகளில் அந்த வழி சரியாக இருப்பதில்லை. கால் மணி நேரத்தில் அடிப்பக்கம் சூடேறி, மேற்பக்கக் குளிர்ச்சியையும் தின்றுவிடும். அதில் பணம் போட வேண்டாம்.

ஃபேன் வகையிலும் இரண்டு உண்டு. 1997-இல் வந்த சாப் 9-5 காரில் ஃபேன் காற்றை உள்ளே இழுத்தது: காருக்குள் இருக்கும் ஏசிக் காற்று, உட்கார்ந்திருப்பவரின் முதுகோரமாகப் புகுந்து சீட்டுக்கடியில் வெளியேறும். இன்னொரு வகை, சீட்டுக்கடியில் இருக்கும் காற்றை எடுத்து உடம்பின்மேல் ஊதும். இந்தியாவில் 2017 வெர்னாவுக்குப் பிறகு நடுத்தர விலைக் கார்களிலும் கம்பெனியே வென்டிலேட்டட் சீட் கொடுக்கத் தொடங்கிவிட்டது. வெளியே கிட் வாங்கிப் பொருத்துகிறவர்கள் இழுக்கும் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. ஊதும் வகையில் காற்று முதலில் சில்லென்று தெரியும். ஆனால் வெயிலில் நின்ற காரின் தரைப்பக்கச் சூட்டையும் தூசியையும் அதுவே மேலே கொண்டுவரும்.

மணி கோத்த மர சீட் கவரைப் பழங்கால டாக்ஸிப் பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உடம்புக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்று இடைவெளி அதில் கிடைக்கிறது. மின்சாரம், வயர் எதுவும் தேவையில்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது போதும். அடுத்தபடி, லைட்டர் சாக்கெட்டில் செருகும் ஃபேன் மெத்தை. இதை வாங்கும்போது ஃபேன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே, முன் விளிம்பில் இருந்தால் நல்லது. நடுவில் இருந்தால் உட்கார்ந்ததும் மூச்சடைத்துவிடும். பக்கவாட்டுப் பட்டை சாய்மானத்தின் வெளி ஓரத்தைச் சுற்றி வரக் கூடாது, பல கார்களில் சைடு ஏர்பேக் அங்கேதான் இருக்கிறது.

கிட் பொருத்துவது என்று முடிவானால், முதலில் கவரைச் சோதியுங்கள். துளையிட்ட ரெக்சின் என்று விற்பவற்றில் பலவற்றுக்கு மேற்பரப்பில் மட்டுமே துளை இருக்கும். பின்னால் ஒட்டிய மெல்லிய ஃபோமோ துணியோ அதை அடைத்திருக்கும். ஒரு துண்டை வாயருகே வைத்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். மூச்சு கையில் படவில்லை என்றால் எத்தனை விலையுயர்ந்த ஃபேன் வைத்தாலும் வீண். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பார்க்கலாம்: புள்ளி புள்ளியாக ஒளி தெரிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் துளை, ஐந்தாறு மில்லிமீட்டருக்கு ஒன்று என்று இருந்தால் போதும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கடைக்காரர் முன்னாலேயே ஊதிப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு சீட்டுக்கு வேண்டியவை: உட்காரும் மெத்தைக்கு ஒன்றும் சாய்மானத்துக்கு ஒன்றுமாக இரண்டு 12 வோல்ட் ஃபேன், 10 மிமீ தடிமனுள்ள ஸ்பேசர் மெஷ் (காற்று ஓடும் வலை) இரண்டு, வயர்க்கட்டு, ஃபியூஸ், மூன்று வேக சுவிட்ச், கவரை இறுக்கும் சி வடிவக் கம்பி வளையங்கள் ஒரு கைப்பிடி, அவற்றை முடுக்கும் இடுக்கி. மெஷ்ஷின் அடிப்பக்கமும் ஓரங்களும் காற்றுப் புகாத உறையால் மூடியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஃபேன் ஃபோமின் பக்கவாட்டிலிருந்து காற்றை இழுக்கும். சத்தம் கேட்கும், முதுகுக்கு ஒன்றும் வராது. கிட் போட்டும் பலனில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

சீட்டைக் கழற்றும் முன் கார் ஆஃப், சாவி வெளியே, பேட்டரியின் நெகட்டிவ் முனை விலக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டியில் சேர்ந்திருக்கும் மின்னேற்றம் இறங்க நேரம் வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் இதைவிட அதிக நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சீட்டுக்கடியில் மஞ்சள் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் வயர். அதில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவே கூடாது. கப்ளர் கழன்றிருக்கும்போது இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து பிழைக் குறியீடு பதிவாகிவிடும், பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டியிருக்கும்.

கவரைக் கழற்றும்போது பழைய கம்பி வளையங்களை வெட்டி எண்ணி வையுங்கள், ஃபோமுக்குள் ஒன்று தங்கினாலும் பிறகு உட்காருபவருக்குக் குத்தும். மெஷ்ஷை ஃபோமின் மேல் அப்படியே வைத்துக் கவரை இழுத்து மாட்டுவது அவசரக்காரர் வேலை. 10 மிமீ மெஷ் வைத்தால் அதே 10 மிமீ ஃபோமைச் சீவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கவர் முரசுத்தோல் போல் விறைத்து, சில மாதத்தில் தையல் விட்டுவிடும். உட்காரும் உயரமும் மாறும். மெஷ்ஷின் வரையை மார்க்கரால் ஃபோமில் வரைந்து, நீளமான பிளேடால் உப்புமாக் கட்டியை மேலாகச் சீவுவதுபோல் மெல்லிய அடுக்குகளாக எடுங்கள். ஒரே வெட்டில் எடுக்கப் போனால் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் தொடையில் தெரியும். ஃபேனுக்கான துளையை உட்காரும் எலும்பு அழுந்தும் இடத்தில் போடாமல் சற்று முன்னால், தொடை நடுவுக்கு நேராகப் போடுங்கள். துளையின் உள்சுவரைச் சுற்றிக் கம்பளிப் பட்டை ஒட்டினால் கசிவும் அதிர்வும் நிற்கும். எஸ்ஆர் எனப்படும் ரப்பர் வகைப் பசை போட்டால் முழுதாக உலரவிட்டு மூடுங்கள். அவசரப்பட்டு மூடினால் நெடி வாரக்கணக்கில் காருக்குள் சுற்றும்.

சாய்மானத்தின் நடுப் பலகத்துக்கு மட்டும் துளைக் கவர் போதும். ஏர்பேக் உள்ள சீட்டில் வெளி ஓரத் தையல், ஏர்பேக் விரியும்போது கிழிந்து வழிவிடும்படி தனி நூலால் போடப்பட்டது. அதைப் பிரித்துக் கெட்டி நூலால் தைத்துவிட்டால் ஏர்பேக் விரிய வேண்டிய நொடியில் விரியாது. "முழு செட்டும் புதுசாத் தெச்சுத் தர்றோம் சார்" என்று தையற்கடையில் சொன்னால், ஓரத் துண்டுகளைத் தொடாமல் நடுவை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

முன் பயணி சீட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநருக்கும் முன் பயணிக்கும் சீட் பெல்ட் நினைவூட்டல் கட்டாயம். பயணி சீட்டில் ஆள் இருப்பதை உணர, கவருக்குக் கீழே மெல்லிய சென்சார் பாய் இருக்கும். அதை வெட்டவோ மடக்கவோ கூடாது. சில கார்களில், முக்கியமாக வெளிநாட்டு மாடல்களில், உட்காருபவரின் எடையை வைத்து ஏர்பேக்கை இயக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் சென்சாரும் அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட சீட்டில் கிட் வைக்காமல் விடுவதே சரி. சாதாரண சென்சார் என்றால் வேலை முடிந்ததும் ஆளை உட்காரவைத்து பெல்ட் போடாமல் ஒலிக்கிறதா, காலியாக இருக்கும்போது அமைதியாக இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

வயரிங்கில் கணக்கு எளிது. ஒரு ஃபேன் அரை ஆம்பியர் என்றால் இரண்டு சீட்டுக்கு மொத்தம் 2 ஆம்பியர். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸ் இடத்திலிருந்து, ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகித் தனி வயர் பிரிக்கும் இணைப்பி) வைத்து, 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுங்கள். கார் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்ற வேண்டாம். வாரண்டியும் போகும், மழைக்காலத்தில் பச்சை பூத்துத் தொடர்பும் போகும். நேரடியாக பேட்டரியிலிருந்து எடுத்து ஒரு ராத்திரி அணைக்க மறந்தால் பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி காலி. சின்னக் காரின் பேட்டரியே 35 முதல் 45 வரைதான். மின்பூமி (எர்த்) இணைப்பை பாடியின் வெற்று உலோகத்தில், தனி போல்ட்டில் கொடுங்கள். ஏர்பேக்குக்கான போல்ட்டில் சேர்க்க வேண்டாம்.

சீட்டை மாட்டிய பிறகு முழுக்க முன்னே தள்ளி, முழுக்கப் பின்னே இழுத்து, உயரம் ஏற்றி இறக்கி, கடைசி நிலையிலும் வயர் தளர்வாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டவாளத்தில் நசுங்கும் வயர்தான் மூன்றாம் மாதத்தில் ஃபியூஸை எரிக்கும். சீட் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். விபத்தில் ஆளையும் சீட்டையும் பிடித்துக்கொள்வது அந்த நான்கு போல்ட்தான்.

இப்போது சோதனை. ஃபேனை அதிக வேகத்தில் வைத்து, டிஷ்யூ பேப்பரின் ஒரே அடுக்கைப் பிரித்துச் சீட்டின் மேல் போடுங்கள். இழுக்கும் வகையில் தாள் ஒட்டிக்கொள்ளும். கையால் நகர்த்தினால் மெல்லிய பிடிப்பு தெரியும். பறந்தால் ஃபேன் தலைகீழாக இருக்கிறது. பிறகு ஊதுவத்தி ஒன்றை ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே வளைந்து உள்ளே போகிறதோ அங்கே காற்று ஓடுகிறது. எங்கே நேராக எழும்புகிறதோ அங்கே அடைப்பு. நெருப்புக் கங்கு ரெக்சினில் விழாமல் கீழே ஒரு தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது இந்த வரிசை: வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றுங்கள். ஏசியைப் போட்டு, உள்காற்று குளிர்ந்த பிறகு சீட் ஃபேனை அதிக வேகத்தில் விடுங்கள். ஏறியவுடனே போட்டால் 50 டிகிரிக் காற்றைத்தான் முதுகில் இழுப்பீர்கள். முதுகு காய்ந்ததும் குறைந்த வேகம் போதும்.

சூடேற்றும் சீட் தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல்காரர்களுக்குத்தான் உபயோகம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் அதன் அருமை தெரியும். டொரன்டோ, ஓஸ்லோ பக்கம் இருப்பவர்களுக்கோ அது அன்றாடத் தேவை. அதிலும் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரு சீட்டைச் சூடேற்ற 50, 60 வாட் போதும், முழுக் கேபினைச் சூடேற்ற ஆயிரக்கணக்கான வாட் ஆகும். சீட்டைப் போட்டுக் கேபின் ஹீட்டரைக் குறைத்தால் பேட்டரி அதிக தூரம் வரும். வெளியே வாங்கிப் பொருத்தினால் கார்பன் இழைப் பாய் வாங்குங்கள். ஒற்றைக் கம்பி வகையில் ஒரு இடத்தில் முறிந்தாலே அணைந்துவிடும், முறிந்த இடம் கருகவும் கூடும். சீட்டுக்கு 4, 5 ஆம்பியர் இழுப்பதால் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) கட்டாயம். பேட்டரியிலிருந்து ரிலே வரை 2.5 சதுர மிமீ வயர், பேட்டரியை ஒட்டி ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், ரிலேயிலிருந்து ஒவ்வொரு சீட்டுக்கும் 1.5 சதுர மிமீ வயரும் 7.5 ஆம்பியர் ஃபியூஸும். ரிலேயின் சுருளுக்கு மட்டும் சாவி மின்சாரம்.

வெப்பக் கட்டுப்பாட்டு சென்சார் இல்லாத பாயை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 44 டிகிரி சூடு கைக்கு இதமாகத்தான் தெரியும். அதே சூடு ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் பட்டால் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் பாதத்திலும் தொடையிலும் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் சூடு தெரியவே தெரியாது. அவர்கள் உட்காரும் சீட்டில் ஹீட்டரைப் போட வேண்டாம். குழந்தைக்கான சீட்டை அதன்மேல் வைத்திருந்தாலும் அணைத்தே வையுங்கள். முழங்காலை ஊன்றிப் பின்சீட்டுப் பொருளை எடுப்பது, ஹீட்டரின் மேல் கம்பளி விரிப்பது இரண்டையும் நிறுத்துங்கள். முதலாவது இழையை முறிக்கும், இரண்டாவது சூட்டை அடைத்துவைக்கும்.

வென்டிலேட்டட் சீட்டின் பலன் படிப்படியாகக் குறைந்தால் முதலில் துளைகளைப் பாருங்கள். லெதர் பாலிஷ் கிரீம் தேய்த்துத் தேய்த்துத் துளைகள் அடைபட்டிருக்கும். கிரீமைச் சீட்டில் ஊற்றாமல் துணியில் எடுத்துத் துடைக்க வேண்டும். மேலே துண்டோ கூடுதல் சீட் கவரோ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சீட்டுக்கடியில் குடை, செருப்பு, தண்ணீர் பாட்டில் இருந்தால் ஃபேனின் வெளியேற்றம் அடைபடும். கரகரவென்ற சத்தம் வந்தால் பெரும்பாலும் முடியும் நூலும் ஃபேன் இறகில் சுற்றியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து வேக்வம் பிடித்தால் தீர்ந்தது.

வாட்டர் வாஷுக்குக் கொடுக்கும்போது சீட்டில் ஷாம்பூ நுரை அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டீயோ இளநீரோ சிந்திவிட்டால் உடனே சீட் ஃபேனை அணையுங்கள். காயட்டும் என்று ஓடவிட்டால் இழுக்கும் வகை ஃபேன் அந்தச் சர்க்கரைத் தண்ணீரை நேராக மோட்டாருக்குள் கொண்டுபோகும். பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து மறுபடி ஒற்றி, கதவுகளைத் திறந்து நிழலில் ஒரு முழு நாள் விட்ட பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.