பயிற்சிக் காலத்து மாடல் 10 ரிவால்வரைத் தேடி வாங்குவோருக்கு

அமெரிக்கக் காவல் பயிற்சிக் கழகங்களில் 1960, 70களில் சேர்ந்த பலரும் முதன்முதலில் சுடக் கற்றது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின், .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டாவைச் சுடும் ரிவால்வரில்தான். 1899இல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் அறிமுகமாகி, 1957இல் 'மாடல் 10' ஆன இந்த ஆறு தோட்டாத் துப்பாக்கியை, 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் அரைத்தானியங்கிப் பிஸ்டல்களுக்கு மாறிய காவல் துறைகள் பெருமளவில் விற்றுத் தீர்த்ததால், ஓய்வுபெற்றவர்கள் தாம் பயின்ற வகையையே இன்றும் வாங்க முடிகிறது.

தோற்றத்தைக் கண்டு முடிவு செய்ய வேண்டாம். குழலின் முனையிலும் தோட்டாக்கள் தங்கும் உருளையின் விளிம்பிலும் கருநீலப் பூச்சு தேய்ந்திருந்தால், அது பல ஆண்டுகள் தோலுறையில் உராய்ந்ததன் அடையாளமே. காவல் துப்பாக்கிகள் சுமக்கப்பட்ட அளவுக்குச் சுடப்பட்டதில்லை. மாறாக, பளபளப்பாக இருந்தும் பொறித்த எழுத்துகள் மழுங்கியிருந்தால், அது பிற்காலத்தில் மெருகேற்றப்பட்டது என்று கொள்ளலாம். பக்கத் தகட்டின் திருகுகள் சிதைந்திருந்தால், கைதேறாத எவரோ உள்ளே கைவைத்திருக்கிறார். அத்தகையதை நான் வாங்க மாட்டேன்.

விற்பவரின் அனுமதியுடன் உருளையைத் திறந்து, ஆறு அறைகளும் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும். உருளையை மூடி, அதை விரலால் இலேசாகத் தடுத்தபடி, துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலை மெதுவாகப் பின்னிழுத்தால், சுத்தியல் நிற்பதற்குள் உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். இதை ஆறு அறைகளுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஏனெனில் ஒன்றிரண்டில் மட்டும் பிந்துவதும் உண்டு. பின்னிழுத்த சுத்தியலை, விசையைத் (டிரிகர்) தொடாமல், கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்தினால் அது நழுவக் கூடாது. மூடிய உருளை முன்னும் பின்னும் ஆடினால் தேய்மானம் மிகுதி. திறந்த உருளையைச் சுழற்றும்போது தோட்டா வெளித்தள்ளும் கம்பியின் முனை தள்ளாடினால் கம்பி வளைந்திருக்கிறது. இறுதியாக, சுத்தியலைத் தொடாமல் விசையை மட்டும் நெடுக இழுத்துப் பாருங்கள். பயிற்றுநர்கள் ஓயாமல் வலியுறுத்திய அந்த நீண்ட, சீரான இழுப்பு தடங்கலின்றி வந்தால், தேடியது கிடைத்துவிட்டது எனலாம்.

வரிசை எண் கைப்பிடியின் அடிப்பகுதியிலும், மாடல் எண் உருளையைத் திறந்தால் தெரியும் சட்டப் பகுதியிலும் இருக்கும். பிற்காலத்தில் மாட்டிய பெரிய ரப்பர் பிடி வரிசை எண்ணை மறைத்திருந்தால், அதைக் கழற்றிக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

அமெரிக்காவில் வேறு மாநிலத்திலிருந்து வாங்கினால், துப்பாக்கியை உங்கள் மாநிலத்து உரிமம் பெற்ற வணிகருக்கு அனுப்பச் செய்து, பின்னணிச் சோதனை முடிந்த பின்னரே பெற்றுக்கொள்ள முடியும். சுடுவதற்கு, பயிற்சிக் களங்களில் வழக்கமாயிருந்த 148 கிரெய்ன் எடையுள்ள, தட்டை முனை கொண்ட வாட்கட்டர் தோட்டாவே போதும். அதன் உதைப்பு மென்மையானது. மாடல் எண் பொறிக்கப்படாத, 1957க்கு முற்பட்ட துப்பாக்கிகளில், அழுத்தம் மிகுந்த '+பி' தோட்டாக்களை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்.