மண்ணைத் தொடும் முன்: பள்ளம் தோண்டவும் நிலம் சமன் செய்யவும் முதல் பாடம்

ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் இருக்கும். ஒரு சிறிய காரைவிட அதிகம். பள்ளத்தின் பக்கச்சுவரிலிருந்து அவ்வளவு பெயர்ந்து விழ ஓரிரு நொடி போதும், ஓடித் தப்ப நேரம் கிடைக்காது. மார்பு வரை புதைந்தவரின் தலை வெளியே இருந்தாலும் மூச்சை உள்ளே இழுக்க விலா எலும்புகளுக்கு இடம் இருக்காது. அதனால் இந்தப் பாடத்தில் பள்ளத்தின் சுவருக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கீழே என்ன ஓடுகிறது?

மின்கேபிள், எரிவாயு, குடிநீர், கழிவுநீர், தொலைபேசி எனத் துறைவாரியாகக் கேட்டு, தரையில் சுண்ணாம்பால் குறியிடுங்கள். வரைபடத்தில் எழுதியிருக்கும் ஆழத்தை அப்படியே நம்பாதீர்கள். அதற்குப் பிறகு நிலத்தை வெட்டியிருக்கலாம், மண் கொட்டி உயர்த்தியும் இருக்கலாம். குறிக்கு அருகில் போனதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் மெதுவாகத் தோண்டுங்கள். அங்கே கடப்பாரை வேண்டாம். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள், பொக்லைன் கை நினைப்பதைவிட உயரமாக எழும்பும்.

2. மண்ணைக் கையில் எடுங்கள்

இப்போது வெட்டிய ஒரு கட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முழு பலத்தையும் கொடுத்தால்தான் லேசாகப் பதிகிறதென்றால் அது இறுகிய களிமண். நகத்தளவு இறங்கினால் நடுத்தரம். விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனாலும், கட்டி உதிர்ந்து மணலாகக் கொட்டினாலும் அது பலவீனமான மண். முன்பே ஒருமுறை தோண்டி மூடிய இடத்தையும், நீர் ஊறும் இடத்தையும் இறுகிய மண்ணாகக் கணக்கிட வேண்டாம். சந்தேகம் வந்தால் பலவீனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. சரிவாக வெட்டுங்கள், இல்லையேல் முட்டுக் கொடுங்கள்

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, உறுதியான பாறையைத் தவிர, 1.5 மீட்டர் ஆழத்தைத் தொட்ட எந்தப் பள்ளத்துக்கும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். அதைவிட ஆழம் குறைந்தாலும் சுவர் சரியும் அறிகுறி இருந்தால் அப்போதும் வேண்டும்.

பலவீனமான மண்ணில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் இருபுறமும் ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் சரிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடியில் 1 மீட்டர் அகலம், ஆழம் 2 மீட்டர் என்றால் மேலே 7 மீட்டர் அகலம் தேவை. பல மனைகளில் அவ்வளவு இடம் இருக்காது. அங்கே செங்குத்தாக வெட்டிவிட்டு "சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று ஆளை இறக்குவதுதான் உயிரைக் குடிக்கும் முடிவு. பலகையும் குறுக்குச் சட்டமும் வைத்து முட்டுக் கொடுங்கள். முட்டுகளை மேலிருந்து கீழாகப் பொருத்த வேண்டும், எடுக்கும்போது கீழிருந்து மேலாக எடுக்க வேண்டும். 6 மீட்டரைத் தாண்டினால் பொறியாளரின் வடிவமைப்பு இல்லாமல் தொடங்கக் கூடாது.

4. விளிம்பைக் கவனியுங்கள்

வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். லாரியும் பொக்லைனும் இன்னும் விலகியே நிற்கட்டும். ஆழம் 1.2 மீட்டரை எட்டினால் ஏணி வேண்டும், உள்ளே வேலை செய்பவர் எங்கிருந்தாலும் 7.5 மீட்டருக்குள் அதை எட்ட வேண்டும்.

தினமும் ஆள் இறங்கும் முன்பும், மழைக்குப் பிறகும் விளிம்பைச் சுற்றி நடந்து பாருங்கள். நான் முதலில் தேடுவது விளிம்புக்கு இணையாக, ஓரிரு அடி தள்ளி ஓடும் மயிரிழை விரிசலை. காய்ந்த புல்லுக்கு நடுவே பென்சில் கோடு போலத்தான் தெரியும். விரலை வைத்தால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அது தெரிந்தால் உள்ளே இருப்பவர்களை அந்தக் கணமே மேலே ஏற்றுங்கள்.

யாராவது புதைந்துவிட்டால் அவரைக் காப்பாற்ற உள்ளே குதிக்காதீர்கள், இயந்திரத்தால் தோண்டவும் கூடாது. மீட்புப் படையை அழையுங்கள். இதை வேலை தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

5. மேல்மண்ணைத் தனியே வையுங்கள்

மேலே 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும் கருமையான மண்ணில்தான் உயிர் இருக்கிறது. அதை முதலில் வழித்து, அடிமண்ணோடு கலக்காமல் தாழ்வான குவியலாகப் போட்டு மூடி வையுங்கள்.

6. சேறு உங்கள் மனையைத் தாண்டக் கூடாது

மழையில் கரைந்தோடும் வண்டல் வடிகாலை அடைக்கும், குளத்துத் தண்ணீரைக் கலக்கி மீன் முட்டைகளை மூடும். ஆகவே முதல் வெட்டுக்கு முன்பே சரிவின் அடிவாரத்தில் வண்டல் தடுப்புத் துணியைக் கட்டுங்கள். அதன் கீழ்விளிம்பை 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைக்காவிட்டால் தண்ணீர் அடியில் நுழைந்து போய்விடும், துணி வெறும் அலங்காரமாக நிற்கும். லாரி வெளியேறும் வழியில் பெரிய ஜல்லி பரப்புங்கள். பள்ளத்திலிருந்து இறைக்கும் கலங்கல் நீரை ஒரு குழியில் தெளியவிட்டுப் பிறகு வெளியேற்றுங்கள்.

மரத்தின் கிளை விரியும் எல்லைக்குள் வெட்டவோ மண் கொட்டவோ வேண்டாம். அடிமரத்தில் மண் ஏற்றினாலும் வேர் மூச்சுத் திணறும். டீசல் நிரப்புவதை நீர்நிலைக்கு எட்டத்தில், தட்டு வைத்துச் செய்யுங்கள். புழுதி எழும் நாளில் தண்ணீர் தெளியுங்கள்.

7. சமன் செய்து மூடுங்கள்

கட்டடத்தை ஒட்டிய முதல் 3 மீட்டரில் 15 சென்டிமீட்டர் சரிவு வெளிநோக்கி இருக்கட்டும், ஆனால் அந்த நீர் பக்கத்து மனைக்குள் போகக் கூடாது. நிரப்பும் மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இடியுங்கள். கடைசியில் மேல்மண்ணைப் பரப்பிப் புல் விதைத்து, வைக்கோலால் மூடுங்கள். வண்டல் துணியை அப்போதே அவிழ்த்துவிட வேண்டாம். புல் வேர் பிடித்து மண் வெளியே தெரியாத அளவுக்கு மூடிய பிறகு கழற்றுங்கள்.