வாழைக் கன்று நடும் முன்: கிழங்கைச் சீவினால் மட்டும் போதாது

குழி எடுப்பது, தண்ணீர் விடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நோயும் பூச்சியும் கன்றோடு சேர்ந்து வராமல் தடுப்பதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் தாய் மரத்தைப் பாருங்கள். இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நின்றால் முடிக்கொத்து நோய். அடி இலைகள் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கினால் வாடல் நோய். அந்த மரத்துக் கன்றை எந்த மருந்தில் முக்கினாலும் பயனில்லை. ஈட்டி மாதிரி குறுகிய இலையுள்ள கன்றாகப் பார்த்து எடுங்கள்.

2. வேர்களை ஒட்ட வெட்டி, கிழங்கின் மேல்தோலை வெள்ளை தெரியும்வரை சீவுங்கள். எனக்கு அரிவாள் ஒத்துவரவில்லை, அகலக் கத்திதான் வசதி. பழுப்புக் கோடு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே சுரங்கம் போல ஓடினால் அது கூன்வண்டுப் புழுவின் வேலை. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

3. நூற்புழுவுக்கு (வேரையும் கிழங்கையும் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத புழு) வெந்நீர்: 52 முதல் 55 டிகிரி செல்சியஸ், 20 நிமிடம். கையை விட்டுச் சூடு பார்ப்பது சரிவராது, தெர்மாமீட்டர் வேண்டும். அண்டா நிறையக் கன்றை அடைத்தால் சூடு மளமளவென இறங்கிவிடும், நாலைந்தாகப் போடுங்கள்.

4. நான் கோட்டைவிட்டது இங்கேதான். எல்லாம் முடித்து, காலையில் நடலாம் என்று பழைய வாழைக்குப் பக்கத்திலேயே குவித்துவிட்டேன். விடிந்ததும் ஒன்றைப் புரட்டினால் அடியில் நாலைந்து கறுப்பு வண்டு. தொட்டதும் செத்த மாதிரி கிடந்தன, மண் துகள் என்றே நினைத்தேன். கூன்வண்டு இரவில்தான் நடமாடும், புதிதாக வெட்டிய கிழங்கின் வாசனைக்கு ஓடி வரும். அத்தனையையும் மறுபடி சீவ வேண்டியதாயிற்று. அன்றே நட்டுவிடுங்கள். முடியாவிட்டால் பழைய தோட்டத்திலிருந்து தள்ளி, மூடி வையுங்கள்.

5. சூடு ஆறியதும் களிமண் குழம்பில் முக்கி, கிழங்குக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா கலந்த பொடி) தூவுங்கள். குழியில் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு. அப்புறம் நடவு.

பிறகு சேர்த்தது: திசு வளர்ப்புக் கன்றுக்கும் (ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, பையில் வரும் கன்று) இதெல்லாம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஒருவர் வெந்நீரிலேயே போட்டுவிட்டாராம்! சீவலும் வெந்நீரும் தாய் மரத்தடியில் எடுக்கும் பக்கக் கன்றுக்கு மட்டும்தான். திசுக் கன்றை வேர்மண் உதிராமல் பையைக் கிழித்து அப்படியே நடுங்கள். புண்ணாக்கும் சூடோமோனாஸும் குழியில் போட்டால் போதும். ஆனால் வாடல் வந்த நிலத்தில் அதையும் நடாதீர்கள், வாடலை உண்டாக்கும் பூஞ்சை மண்ணிலேயே பல வருடம் கிடக்கும்.