ஐம்பதில் வீடு கட்டுகிறீர்களா? முதலில் மேல்மண்ணைக் காப்பாற்றுங்கள்

போன மாதம் எங்கள் பக்கத்து மனையில் வேலை தொடங்கியது. கணவன், மனைவி இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது, பிள்ளைகள் வெளியூரில். ஜேசிபி பள்ளம் பறித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் என்னிடம், "தோட்டத்தை எல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கோம் அக்கா" என்றார். ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பேச்சு. பகீரென்றது.

பட்ஜெட் எகிறும், வில்லங்கம் பார்க்க வேண்டும் என்பதை ஊரே சொல்லிவிடும். அதை விடுகிறேன். நாங்கள் செய்து பட்ட மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மேல்மண்ணைத் தொலைப்பது

எங்களுடையது கீரனூர் பக்கம் ஆறு சென்ட். மேலே ஓரடிக்கு நல்ல செம்மண், அதற்குக் கீழே சரளை. வீடு என் கணவர் பொறுப்பு, தோட்டம் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டதால் அஸ்திவாரம் தோண்டிய அன்று நான் போகவே இல்லை. சாயந்திரம் அவர் வந்து, "பேஸ்மட்டம் நிரப்ப நாலு லோடு மண் வாங்குற செலவு மிச்சம்" என்று பெருமையாகச் சொன்னார். வழித்தெடுத்த அத்தனை மேல்மண்ணும் ஹாலுக்கு அடியில் போய்விட்டது. வேரும் மக்கும் கலந்த மண் நிரப்புவதற்கும் ஆகாது. மக்க மக்க இறங்கும். இரண்டாம் வருடமே ஹால் மூலையில் டைல்ஸ் ஒரு விரற்கடை இறங்கியது.

தோட்டத்துக்கென்று விட்ட இடத்தில்தான் கலவை போட்டார்கள், மெஷின் கழுவினார்கள். முடித்துவிட்டுப் போகும்போது செங்கல் துண்டு, காய்ந்த கலவை எல்லாவற்றின் மேலும் ஒரு லோடு கிராவல் கொட்டி நிரவிவிட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகு! அதில் எலுமிச்சை, மல்லி, கறிவேப்பிலை வைத்தேன். நரம்பு மட்டும் பச்சையாக, இலை முழுக்க மஞ்சள். உரம் போதவில்லை என்று சாணமும் யூரியாவுமாகக் கொட்டினேன். கடைசியில் கடப்பாரை போட்டுப் பார்த்தால் அரையடியில் 'டங்' என்றது.

சிமென்ட் காரம். மண்ணில் காரத்தன்மை ஏறினால் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மேலே எவ்வளவு உரம் போட்டாலும் அது தீராது. தோண்டி எடுத்து, இரண்டு டிப்பர் இடிபாடு வெளியேற்றி, நான்கு யூனிட் வண்டல் வாங்கிப் போட்டதில் 28,000 ரூபாய். இத்தனைக்கும் நல்ல மண் எங்களிடமே இருந்தது, சும்மா! நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. டைல்ஸ் இறங்கிய மூலையில் அவர் ஒரு மணிபிளான்ட் தொட்டியை வைத்து மறைத்திருக்கிறார். கேட்டால், "அடியில நல்ல மண்ணு, நல்லா வரும்" என்பார்.

அதனால், ஜேசிபி வரும் அன்று இருவரும் அங்கே நில்லுங்கள். முதல் ஓரடியைத் தனியாக வழிக்கச் சொல்லி, வேலை நடக்காத மூலையில் குவியுங்கள். மழையில் கரையாமல் இருக்க அதன் மேல் தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரச் செடிகளின் விதையைத் தூவிவிடலாம். பிறகு மடக்கி உழுதால் அதுவே உரம். கலவை போட ஓர் இடம் குறித்து, இடிபாட்டை வெளியேற்றுவது யார் செலவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

படுக்கையறையை மாடியில் வைப்பது

முழங்காலைக் கேளுங்கள்.

நர்சரியில் கண்டதை எல்லாம் வாங்குவது

தென்னைக்குத் தென்னை 25 அடி வேண்டும். ஐந்தாறு சென்ட்டில் வீடு போக ஒரு தென்னையே தாராளம். நாங்கள் மூன்று வைத்து, இரண்டை வெட்டினோம். எந்த மரம் என்று நாங்கள் போட்ட சண்டை தனிக்கதை.

மேஸ்திரியிடம் இருவரும் தனித்தனியே சொல்வது

ஒருவர் மட்டும் பேசுங்கள்.

தோட்டக் குழாயை மறப்பது

பூச்சு வேலைக்கு முன்பே, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இல்லாவிட்டால் சமையலறையிலிருந்து வாளிதான். பக்கத்து மனையில் இதற்குக் கோடு போட்டாயிற்று. மண் குவியலும் மூலையில் இருக்கிறது, பாதிதான் என்றாலும்.