பத்தாம் வகுப்புப் புவியியல்: வரைபடத்திலிருந்து பாடத்துக்கு

சமூக அறிவியலில் புவியியல் பகுதியைப் பெரும்பாலான மாணவர்கள் பத்தி பத்தியாக மனப்பாடம் செய்கிறார்கள். வரைபட வினாவைத் தேர்வுக்கு முந்தைய நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றி, வரைபடத்தை முதலில் எடுப்பது நல்லது.

எல்லைக்கோடு மட்டும் அச்சிட்ட இந்திய வரைபடத் தாளில், குஜராத் முதல் மிசோரம் வரை எட்டு மாநிலங்களைக் கடக்கும் கடகரேகையையும், நம் நாட்டின் திட்ட நேரத்துக்கு அடிப்படையான 82°30' கிழக்குத் தீர்க்கரேகையையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். இவை இரண்டும் சத்தீஸ்கரில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அந்தப் புள்ளி சரியாக அமைந்துவிட்டால், பின்னர் குறிக்கும் மலையும் ஆறும் நகரமும் பெரிதாக இடம் மாறிப் போவதில்லை. திட்ட நேரத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை: 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்பது தெரிந்தால், 82.5ஐ 15ஆல் வகுத்து, கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம் என்று கணக்கிட்டுவிடலாம்.

அடுத்து, முதலில் மலைகள், பிறகு காற்றும் மழையும், பிறகு ஆறுகள், கடைசியில் பயிர்கள் என்ற வரிசையில் அதே தாளில் குறித்துக்கொண்டே பாடத்தைப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் பெரும்பாலும் அதற்கு முந்தையதில் கிடைக்கும். மேட்டூர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது மரபு. ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு அப்போது பெருமழைக் காலமில்லை. இங்கே மழை மிகுதியாகப் பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றினால்தான். அப்படியானால் ஜூன் மாதத்திலிருந்து தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து, குடகுப் பகுதியில் மழையாகப் பொழிகிறது; அந்த நீரைக் காவிரி கொண்டுவருகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுவதால், கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதியாகிறது. வால்பாறை நனையும்போது கோயம்புத்தூர்ச் சமவெளியில் குறைவாகவே மழை பெய்வதற்கும் இதுவே காரணம். 'காரணம் கூறுக' வினாக்களில் பல இத்தகைய ஒரே சங்கிலியின் கண்ணிகள்தாம் என்பது புரிந்தால், பாதிச் சுமை இறங்கிவிடும்.

'வேறுபடுத்துக' வினாவுக்கு, இரு பக்கமும் ஒரே அடிப்படையில் எழுத வேண்டும். நர்மதை மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலக்கிறது என்று எழுதினால், எதிரே காவிரி கிழக்கே பாய்ந்து வங்கக் கடலில் கலக்கிறது என்றே இருக்க வேண்டும். அங்கே காவிரியின் நீளத்தை எழுதுவது வேறுபாடாகாது. இந்தத் தவறை விடைத்தாள்களில் அடிக்கடி காணலாம்.

நிலத்தோற்ற வரைபடத்தைப் பலர் அஞ்சினாலும், அதற்குச் சில விதிகளே போதும். 1:50,000 அளவையில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறச் சம உயரக்கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் மென்சரிவு.

தேர்வில் குறிக்கும்போது ஆற்றைக் கோடாகவும், மண் வகையைப் பரப்பாக நிழலிட்டும், துறைமுகத்தைக் கரையோரப் புள்ளியாகவும் காட்டி, பெயரை ஆற்றின் போக்கிலேயோ புள்ளிக்கு அருகிலேயோ எழுதுங்கள்.